படுக்கைக்கு வரும் பேச்சுச் சிகிச்சையாளர்: எத்தனை ஆண்டுப் படிப்பு, எத்தனை மணி நேரப் பயிற்சி?

பக்கவாதத்தால் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டவரின் படுக்கைக்கு முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ ஒருவர் வருவார். கையில் சிறு கரண்டி, தண்ணீர்க் குவளை, படங்கள் அச்சிட்ட அட்டை ஆகியவை இருக்கும். பெரும்பாலும் இளம் வயதினர். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு கரண்டி நீரை விழுங்கச் சொல்லி, குரல்வளையின் மீது விரல் வைத்துக் கவனிப்பார். பெயர் கேட்பார், "கண்ணை மூடுங்கள்" என்பார், படத்தைக் காட்டி "இது என்ன?" என்பார். அவர் சென்ற பிறகு குடும்பத்தினர் எங்களிடம் தயங்கியபடி கேட்பதுண்டு: "இவர் டாக்டரா? படித்துக்கொண்டிருக்கும் மாணவியா? இவரை நம்பலாமா?" அண்மைக் காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "அமெரிக்காவில் இந்தப் படிப்பை முதுகலை வரை ஐந்தே ஆண்டில் முடித்துவிடலாமாமே, பிள்ளையை அனுப்பலாமா?" இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வார்டில் எல்லோரும் இவரை ஸ்பீச் தெரபிஸ்ட் என்றே அழைக்கின்றனர். பட்டத்தின்படி பேச்சு மொழி நோயியலாளர் என்பது பெயர். இங்கே பேச்சுச் சிகிச்சையாளர் என்று குறிப்பிடுகிறேன். எனினும் அந்தப் பெயர் அவருடைய பணியில் ஒரு பாதியைத்தான் சொல்கிறது. பக்கவாத வார்டில் அவர் முதலில் கவனிப்பது நோயாளி விழுங்குவதை. பேச்சு அதற்குப் பிறகே.

உணவும் காற்றும் தொண்டையில் ஒரே வழியாக வந்து, பின்னர் பிரிகின்றன. விழுங்கும் அந்த ஒரு நொடிக்குள் குரல்வளை மேலெழுந்து, மூச்சுக்குழாயின் வாயில் மூடிக்கொள்ள வேண்டும். மூளையின் ஒரு பகுதிக்கு இரத்த ஓட்டம் தடைபடும்போது இந்த ஒழுங்கு குலைகிறது. பக்கவாதத்தின் தொடக்க நாள்களில் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விழுங்குவதில் ஏதேனும் ஒரு சிக்கல் இருக்கும். நமக்குப் புரையேறினால் உடனே இருமல் வருகிறது. அது உடல் தரும் பாதுகாப்பு. சில நோயாளிகளுக்கு நீரோ கஞ்சியோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமலே வருவதில்லை. வெளியே எதுவும் தெரியாது. இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் தோன்றும். பக்கவாதத்தைத் தாங்கிக்கொண்டவர்களுள் சிலரை நாங்கள் இழப்பது இப்படி வரும் நிமோனியாவினால்தான்.

ஆகவே, "வாய்வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம்" என்று படுக்கையின் தலைமாட்டில் அட்டை தொங்கினால், அது சிகிச்சையாளர் விழுங்கும் திறனைச் சோதித்த பின் மருத்துவக் குழு எடுத்த முடிவு. "ஒரு வாய் காபிதானே", "இளநீர் என்ன செய்துவிடும்" என்று இரவில் அன்போடு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நீர்மமான பொருள் வேகமாக இறங்குவதால், விழுங்கும் ஆற்றல் குன்றியவருக்குக் குழைந்த சாதத்தைவிடத் தண்ணீரே அதிக ஆபத்தானதாக இருக்கக்கூடும். ரசம் சாதம் இன்னும் சிக்கலானது. வாய்க்குள் சோறு நிற்கும்போதே ரசம் தனியே வழிந்து தொண்டைக்குச் சென்றுவிடும். எந்தப் பதத்தில், எவ்வளவு, எந்த நிலையில் உட்காரவைத்துக் கொடுக்கலாம் என்பதைச் சிகிச்சையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வகுக்கிறார். ஐயமிருந்தால், எக்ஸ்ரே ஓடிக்கொண்டிருக்கும்போதே பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்தோ, மூக்கின் வழியே மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தியோ உள்ளே நிகழ்வதை நேரில் பார்க்கிறார்கள்.

அடுத்தது மொழி. பக்கவாதம் வந்தவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மொழியிழப்பு நேர்கிறது. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்னும் அறுவை மருத்துவர், "டான்" என்ற ஓரசையைத் தவிர வேறெதையும் சொல்ல இயலாதிருந்த ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்புற முன்பகுதியில் சேதம் இருப்பதைக் காட்டினார். 1874-இல் கார்ல் வெர்னிக்கே, பேச்சு சரளமாக வந்தும் பொருள் புரியாத மற்றொரு வகையை விளக்கினார். குடும்பத்தினர் அறிய வேண்டியது இது: மொழியை இழந்தவர் அறிவை இழந்தவர் அல்லர். மனைவியின் பெயரைச் சொல்ல முடியாதவர், அவர் முகத்தையும் அவர் துயரத்தையும் முழுமையாக அறிந்திருக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணத் தொடங்கினால் பத்துவரை வந்துவிடுவார். பழகிய பக்திப் பாடலின் அடியைப் பிழையின்றிப் பாடுவார். "தண்ணீர்" என்ற ஒரு சொல்தான் வேண்டும்போது வராது. இதை நடிப்பென்றோ பிடிவாதமென்றோ கருதி அவரிடம் கடிந்து பேசுவது, எங்கள் வார்டில் நான் காணும் மிகத் துயரமான காட்சிகளில் ஒன்று.

இத்தகையவரைச் சோதித்துப் பயிற்றுவிக்க என்ன படிக்க வேண்டும்? நரம்பு மண்டலம், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் அமைப்பும் இயக்கமும், மொழியியல், உளவியல், செவித்திறன் அறிவியல் அனைத்தும் வேண்டும். தமிழ் நோயாளிக்குத் தமிழின் அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். வேற்றுமை உருபுகள் உதிர்ந்துவிட்ட பேச்சு எது, நாக்குத் தசை தளர்ந்ததால் குழறும் பேச்சு எது என்று பிரித்தறிய வேண்டும். மூன்று வயதுக் குழந்தை ழகரத்தைச் சொல்லவில்லையென்றால் அது இயல்பே, பொறுத்திருக்கலாம் என்று பெற்றோருக்குச் சொல்லும் துணிவும் வேண்டும்.

நம் நாட்டில் இதற்கான முதன்மை நிறுவனம், 1965-இல் மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம். தமிழ்நாட்டில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முதலிய இடங்களில் இப்படிப்பு உண்டு. செவித்திறனும் பேச்சு மொழி நோயியலும் இணைந்த இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டுகள். அதில் கடைசி ஓராண்டு முழுவதும் உள்ளகப் பயிற்சி. அப்பட்டத்தோடு இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர் சிகிச்சையளிக்கலாம். மேலும் இரண்டாண்டு பயின்றால் முதுநிலை. ஆக நம் நாட்டில் இளநிலைப் பட்டமே தொழிலுக்கான வாயில், பிரிட்டனிலும் அவ்வாறே.

அமெரிக்காவில் முறை வேறு. அங்கே நான்காண்டு இளநிலைப் பட்டம் முழுத் தகுதி பெற்ற சிகிச்சையாளராகப் பணியாற்றப் போதாது, முதுநிலை கட்டாயம். வழக்கமான பாதை நான்கும் இரண்டும் ஆறாண்டு. அண்மைக் காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் தொடங்கியிருக்கும் விரைவுப் பாதை இதை ஐந்தாண்டாகச் சுருக்குகிறது. நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர், இளநிலையின் மூன்று ஆண்டுப் பாடங்களை நெருக்கி முடித்து, நான்காம் ஆண்டிலேயே முதுநிலைப் பாடங்களில் அமர்கிறார். அவ்வாண்டின் பாடங்கள் இரு பட்டங்களுக்கும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. ஓராண்டுக் கட்டணம் மிச்சம். முதுநிலைச் சேர்க்கைக்காக மீண்டும் போட்டியிட வேண்டிய கவலையும் குறைகிறது. அங்கே முதுநிலை இடங்களுக்குப் போட்டி கடுமையானது என்பதால் இது சிறிய ஆதாயம் அன்று.

இந்த விரைவுப் பாதை எதைச் சுருக்குகிறது, எதைச் சுருக்க முடியாமல் விட்டுவைக்கிறது என்பதை நோயாளிகளின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். 1925-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பேச்சு மொழி செவித்திறன் சங்கத்தின் சான்றிதழ் பெற, மாணவர் மேற்பார்வையின் கீழ் 400 மணி நேரம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அதில் 25 மணி நேரம் உடனிருந்து பார்ப்பது. 375 மணி நேரம் தாமே நோயாளிகளைக் கவனிப்பது. அந்த 375-இல் 75 மணி நேரம்வரை மாதிரி நோயாளி, கணினிப் பயிற்சி போன்றவற்றால் ஈடுசெய்யலாம். மொத்தத்தில் குறைந்தது 325 மணி நேரம் முதுநிலை மாணவராக இருக்கும்போதே முடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளியோடும் மாணவர் செலவிடும் நேரத்தில் நான்கில் ஒரு பங்காவது மேற்பார்வையாளரின் கண் முன் நிகழ வேண்டும். பட்டம் பெற்றபின், குறைந்தது 36 வாரங்களில் 1260 மணி நேரம், மூத்தவர் ஒருவரின் வழிகாட்டுதலில் பணியாற்ற வேண்டும். தேசியத் தேர்வும் உண்டு. ஆறாண்டில் படித்தாலும் ஐந்தாண்டில் படித்தாலும் இவற்றில் ஒரு மணி நேரமும் தள்ளுபடி இல்லை.

இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. வகுப்பறைப் பாடத்தை ஊக்கமுள்ள மாணவர் விரைந்து படித்துவிடலாம். விரலுக்கடியில் குரல்வளை எழும்புகிறதா, தாமதமாக எழும்புகிறதா என்று உணர்வதை விரைந்து கற்க முடியாது. நூறு கழுத்துகளைத் தொட வேண்டும். விரைவுப் பாதையில் எனக்குள்ள தயக்கம் வேறு வகையானது. பதினெட்டு வயதில் இத்துறையைத் தேர்ந்து, மாற்றுச் சிந்தனைக்கு இடமின்றி ஓடும் இளைஞருக்கு, நாற்பது ஆண்டு ஆசிரியராக இருந்து ஒரே நாளில் சொல்லிழந்த மனிதரின் எதிரே பொறுமையாக அமரும் பக்குவம் எப்போது வாய்க்கும்? சிலருக்கு இருபது வயதிலேயே அது இருக்கிறது, அதையும் பார்த்திருக்கிறேன்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். பயிற்சி மருத்துவமனையில் படுக்கைக்கு வருபவர் உள்ளகப் பயிற்சியில் இருக்கும் மாணவராகவும் இருக்கலாம். அதைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை. "நீங்கள் மாணவரா? உங்கள் மேற்பார்வையாளர் யார்? இன்றைய முடிவை அவர் பார்ப்பாரா?" என்று தயங்காமல் கேளுங்கள், யாரும் வருத்தப்பட மாட்டார்கள். விருப்பமில்லையெனில் மறுக்கவும் செய்யலாம். அதனால் சிகிச்சை எவ்வகையிலும் குறையாது. ஆயினும் மறுக்குமுன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மூத்த சிகிச்சையாளருக்கு ஒரு நோயாளியிடம் அரை மணி நேரம் இருப்பதே அரிது. மாணவர் மாலையில் மீண்டும் வந்து அமர்வார். அதே பத்துப் படங்களை முகம் சுளிக்காமல் ஏழாவது முறை காட்டுவார். மொழியிழப்புக்கு மருந்துக்கு நிகரானது இந்த மீள்பயிற்சி. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் மெல்லத் தொடரக்கூடும். ஆகவே வீட்டிற்குச் சென்றபின் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். நாளும் உடனிருந்து அதைச் செய்விப்பவர் நீங்கள்தான்.

வெளியே சிகிச்சை தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. சில வாரச் சான்றிதழை வைத்துக்கொண்டு "ஸ்பீச் தெரபி" என்று பலகை மாட்டியிருப்போர் உண்டு. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டப்படி, மன்றத்தின் பதிவேட்டில் இல்லாதவர் இத்தொழிலைச் செய்வது குற்றம். ஓராண்டுவரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் இன்று யாரையும் அச்சுறுத்தாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆதலால் சோதிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்து சேர்கிறது. பட்டம் என்ன, மன்றத்தின் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். உரியவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

குழந்தைகளின் விஷயத்தில் இது இன்னும் அவசரமானது. பேச்சு வராத குழந்தைக்கு நாக்கில் வசம்பு தேய்த்துக் காத்திருப்பதும், "அவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினார்" என்று ஆறுதல் கொள்வதும் இன்றும் நடக்கின்றன. இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை. காது கேளாத குழந்தைக்கு, காதைச் சோதிக்காமலே மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி மட்டும் அளித்தவர்களிடமிருந்து எங்களிடம் வந்த குடும்பங்கள் உண்டு. தகுதி பெற்றவர் எவரும் அந்தச் சோதனையின்றிப் பயிற்சியைத் தொடங்க மாட்டார்.

பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்ப விரும்பும் பெற்றோருக்குச் சில சொற்கள். மேல்நிலையில் இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் உயிரியல் போன்ற பாடம் ஒன்றைப் படித்திருக்க வேண்டும். விவரம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கல்லூரியின் அந்தப் படிப்பை மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்துள்ளதா என்று சேருமுன் உறுதி செய்யுங்கள். நம் நாட்டு இளநிலைப் பட்டத்தை மட்டும் கொண்டு அமெரிக்கச் சான்றிதழ் பெற முடியாது, முதுநிலை வேண்டும். அங்குள்ள விரைவுப் பாதையோ இளநிலையின் முதலாண்டிலேயே அங்கு சேர்பவர்களை மனத்தில் கொண்டு அமைந்தது. இங்கே நான்காண்டு முடித்தவருக்கு அங்கே செல்லும் இயல்பான வழி இரண்டாண்டு முதுநிலைதான். எந்த வழியாயினும், விண்ணப்பம் போடுமுன் ஒருநாள் அனுமதி பெற்றுப் பேச்சுச் சிகிச்சைப் பிரிவில் வந்து அமர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். காலை ஒன்பது மணிக்குக் குழந்தைகளும் பதினொரு மணிக்குப் பக்கவாத நோயாளிகளும் வருகின்றனர்.