யாருடைய விரலில் போட்ட கணக்கு?

பல்ஸ் ஆக்சிமீட்டரில் தெரியும் எண் ரத்தத்தை எடுத்துப் பார்த்த அளவு அல்ல. விரலைக் கடந்து வந்த ஒளியைக் கொண்டு போடும் கணக்கு. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை அதிகம் விழுங்கும். ஆக்சிஜனை இழந்தது 660 நானோமீட்டர் சிவப்பொளியை அதிகம் விழுங்கும். தோலும் எலும்பும் நகமும் ஒளியை மறித்தாலும், நாடியோடு கூடிக் குறைவது தமனி ரத்தம்தான். துடிக்கும் பகுதியை மாறாத பகுதியால் வகுத்தால் மற்றதெல்லாம் கழன்றுவிடும். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1974-இல் முன்வைத்த இந்த உத்தி மிக அழகானது.

தோலின் நிறமும் இதில் கழன்றிருக்க வேண்டும், முழுதும் கழலவில்லை. கருவியின் எல்இடி விளக்கு ஒரே அலைநீளத்தை மட்டும் உமிழ்வதில்லை, அதை ஒட்டிய அலைகளையும் உமிழ்கிறது. மெலனின் அவற்றில் குறுகிய அலைகளைக் கூடுதலாக உறிஞ்சுவதால் உள்ளே போகும் சிவப்பே சற்று மாறுகிறது. விரலைக் கடந்து கிடைக்கும் ஒளியும் மெலிகிறது.

பிழைக்கு அடுத்த காரணம், ஒளிக்கணக்கை எண்ணாக்கும் அட்டவணை. தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, தமனி ரத்தத்தையும் சோதித்து, இரண்டு ஒளிகளின் எந்த விகிதத்துக்கு எத்தனை சதவீத ஆக்சிஜன் என்று குறித்துவைக்கிறார்கள். கருவி அதைப் பார்த்தே எண் சொல்கிறது. அரிசியை நிறுத்துக் கிராம் கோடு போட்ட டம்ளரைப் போன்றது இது. அதில் அவலைக் கொட்டினாலும் கோடு அதே 200 கிராமைத்தான் சொல்லும். பொரியைக் கொட்டினால் டம்ளர் நிறையும், வயிறு நிறையாது. கருந்தோலில் கருவி பிழைப்பதும் பெரும்பாலும் இப்படி, உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லித்தான். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

1990-லேயே மருத்துவ இதழில் பதிவான பிழை இது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோது உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீத அளவீடுகளில், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதத்தில். கோவிட் காலத்தில் கருவி காட்டிய எண்ணைப் பார்த்துத்தான் ஆக்சிஜன் தருவதா வேண்டாமா என்று முடிவானது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டுதல், சோதனைக்கு வருவோரில் கருந்தோலர் 2 பேர் அல்லது 15 சதவீதம், இரண்டில் எது கூடுதலோ அது இருந்தால் போதும் என்றது. 2025 ஜனவரியில் வந்த வரைவு 150 பேருக்குக் குறையாமல், பல நிறத்தவரையும் சேர்க்கச் சொல்கிறது. மென்பொருளே நிறப்பிழையைத் திருத்திவிடும் என்ற விளம்பரங்களை நம்புவதற்கில்லை. கருந்தோல் விரல்களில் அளந்த தரவு இல்லாமல் மென்பொருள் எதைக் கொண்டு திருத்தும்? இப்போதைக்கு அந்த நிர்வாகம் சொல்வது: ஒற்றை எண்ணை நம்பாமல், எண் நாளுக்கு நாள் எப்படி இறங்குகிறது என்பதையும் மூச்சுத்திணறல் போன்ற அறிகுறிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.