3 ஸ்ட்ரைக் ஆன பிறகும் ஓடலாமா?... பேஸ்பாலின் வித்தியாசமான விதி சொல்வது என்ன?

பேஸ்பால் கிளிப் ஏதாவது உங்கள் போனில் வந்திருந்தால் இதைப் பார்த்திருப்பீர்கள். பேட்டர் மூன்றாவது முறையும் பேட்டைச் சுழற்றி பந்தைக் கோட்டை விடுவார். அவ்வளவுதான், ஆள் காலி என்று நினைக்கும்போது, பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் எழுந்து வந்து, பந்தை வைத்து அவர் மேல் ஒரு தட்டு தட்டுவார். மூணு ஸ்ட்ரைக் ஆகிடுச்சே, அப்புறம் எதுக்கு இந்தத் தட்டு?

காரணம் இருக்கு. பேஸ்பாலில் மூன்றாவது ஸ்ட்ரைக் விழுந்தால் மட்டும் போதாது. அந்தப் பந்து தரையில் படும் முன் கேட்சர் அதைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பேட்டர் ஃபர்ஸ்ட் பேஸை நோக்கி ஓடலாம். அவர் போய்ச் சேரும் முன் பந்தால் அவரைத் தொட வேண்டும், அல்லது பந்தை ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்க வேண்டும். கிரிக்கெட்டில் கீப்பர் விட்ட பந்துக்கு 'பை' ஓடுவோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆனால் இங்கே கிடைப்பது ஒரு ரன் அல்ல, மறுவாழ்வு!

ஆங்கிலத்தில் இதற்கு 'டிராப்டு தேர்ட் ஸ்ட்ரைக்' என்று பெயர். பெயரைக் கேட்டால் கேட்சர் பந்தைத் தவறவிட்டால்தான் என்று தோன்றும். அப்படி இல்லை. பந்து தரையில் ஒருமுறை பட்டுவிட்டு கையுறைக்குள் கச்சிதமாகப் போனாலும் அது 'பிடித்த' கணக்கில் வராது. பேட்டர் சுழற்றியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. சும்மா நின்று மூன்றாவது ஸ்ட்ரைக் வாங்கியவரும் ஓடலாம். இன்னொரு வேடிக்கை, பேட்டர் தப்பித்து ஓடினாலும் பிட்சர் கணக்கில் அது ஸ்ட்ரைக்-அவுட்தான். அதனால்தான் ஒரே இன்னிங்ஸில் ஒரு பிட்சர் 4 ஸ்ட்ரைக்-அவுட் எடுத்ததாக ஸ்கோர் கார்டில் வருவது உண்டு.

எப்போதும் ஓடலாமா?

இல்லை. குழப்பம் ஆரம்பிப்பதே இங்கேதான். ஃபர்ஸ்ட் பேஸ் காலியாக இருக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே ஆள் நின்றால், 2 பேர் அவுட் ஆகியிருந்தால் மட்டுமே பேட்டர் ஓடலாம். மற்றபடி பந்தைப் பிடித்தாலும் விட்டாலும் அவர் அவுட்.

ஏன் இப்படி? ஒரு பேஸில் ஒருவர்தான் நிற்க முடியும். பேட்டர் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடி வந்தால், அங்கே நிற்பவர் செகண்ட் பேஸுக்குக் கிளம்பியே ஆக வேண்டும். இப்போது கேட்சர் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். பந்தைப் பிடித்தால் ஒரு அவுட். வேண்டுமென்றே கீழே விட்டால்? இருவரும் ஓட வேண்டும். செகண்ட் பேஸுக்கு எறிந்து ஒருவர், அங்கிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்து இன்னொருவர் என ஒரே பந்தில் 2 அவுட்! 19-ம் நூற்றாண்டில் கேட்சர்கள் இந்தத் தந்திரத்தைச் செய்யவும் செய்தார்கள். அதைத் தடுக்கத்தான் இந்த விலக்கு. ஏற்கெனவே 2 அவுட் என்றால் இன்னும் ஒன்று விழுந்தாலே இன்னிங்ஸ் முடிந்துவிடும், தந்திரத்தால் லாபம் இல்லை. அதனால் அப்போது பேட்டர் ஓடலாம்.

விதி ஒன்றும் புதுசு இல்லை. 1845-ல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப் எழுதிவைத்த விதிகளிலேயே, மூன்றாவது பந்து பிடிபடாவிட்டால் பேட்டர் ஓட வேண்டும் என்று இருக்கிறது. கையுறையே இல்லாத காலம் அது. பிடிப்பது அவ்வளவு சாதாரண விஷயம் இல்லை.

ஒரு பந்து... தலைகீழான மேட்ச்!

1941 அக்டோபர் 5. புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்ட் மைதானம். வேர்ல்ட் சீரிஸின் 4-வது ஆட்டம். யாங்கீஸ் அணிக்கு எதிராக டாட்ஜர்ஸ் 4-3 என முன்னிலை. கடைசி இன்னிங்ஸ், யாங்கீஸில் 2 பேர் அவுட், பேஸில் யாரும் இல்லை. பேட்டர் டாமி ஹென்ரிக். ஹியூ கேஸி வீசிய பந்தை ஹென்ரிக் சுழற்றித் தவறவிட்டார். மூன்றாவது ஸ்ட்ரைக். டாட்ஜர்ஸ் ஜெயித்தாச்சு, தொடர் 2-2!

ஆனால் பந்து கேட்சர் மிக்கி ஓவனின் கையுறையில் நிற்காமல் பின்னால் உருண்டது. ஹென்ரிக் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடிவிட்டார். அடுத்து ஜோ டிமாஜியோ ஒரு ஹிட். சார்லி கெல்லர் அடித்ததில் 2 ரன். பிறகு ஜோ கார்டன் அடித்ததில் இன்னும் 2 ரன். 7-4 என யாங்கீஸ் வெற்றி. மறுநாள் ஆட்டத்தையும் வென்று கோப்பையைத் தூக்கிச் சென்றது.

ஓவன் மோசமான ஆட்டக்காரரா என்றால், இல்லவே இல்லை. அதே சீசனில்தான், பிழையே செய்யாமல் நீண்ட நாள் ஆடி நேஷனல் லீக் கேட்சர்களுக்கான சாதனை படைத்திருந்தார். 4 முறை ஆல்-ஸ்டார் அணியிலும் இடம்பிடித்தவர். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் அந்த ஒரு பந்துதான் பேச்சாகிப் போனது. கொஞ்சம் அநியாயம்தான். அதன் பிறகு 4 ரன் கொடுத்தது ஓவன் இல்லையே!

2005 ஜூலையில், 89 வயதில் ஓவன் காலமானார். அடுத்த 3 மாதத்தில் அதே விதி மீண்டும் தலைப்புச் செய்தி ஆனது. சிகாகோ ஒயிட் சாக்ஸ் - ஏஞ்சல்ஸ் மோதிய அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் 2-வது ஆட்டம். 1-1, 9-வது இன்னிங்ஸ், 2 அவுட். ஒயிட் சாக்ஸின் ஏ.ஜே. பியர்சின்ஸ்கி ஸ்ட்ரைக்-அவுட். பந்தைப் பிடித்துவிட்டோம் என்ற நம்பிக்கையில், ஏஞ்சல்ஸ் கேட்சர் ஜோஷ் பால் அதை மைதானத்தின் நடுப்பக்கம் உருட்டிவிட்டு நடையைக் கட்டினார். தட்டவில்லை. பியர்சின்ஸ்கி சட்டென்று திரும்பி ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடினார். பந்து தரையில் பட்டது என்றார் அம்பயர் டக் எடிங்ஸ். ரீப்ளே பார்த்து தீர்ப்பை மாற்றும் வசதி அன்று கிடையாது. பியர்சின்ஸ்கிக்குப் பதிலாக ஓட வந்தவர் செகண்ட் பேஸைத் திருட, ஜோ கிரீட் அடித்த அடியில் ஒயிட் சாக்ஸ் 2-1 என ஜெயித்தது. முதல் ஆட்டத்தில் தோற்றிருந்த அந்த அணி, அதன்பின் தொடரில் ஒன்றில்கூட தோற்காமல், 1917-க்குப் பிறகு முதல் முறையாக வேர்ல்ட் சீரிஸையும் வென்றது. அந்தப் பந்து தரையில் பட்டதா, இல்லையா? ரசிகர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போதைய விதிப்படி, பேட்டர் யோசித்துக்கொண்டே நடக்க முடியாது. ஹோம் பிளேட்டைச் சுற்றியுள்ள மண் வட்டத்தை விட்டு, ஓட முயற்சிக்காமல் வெளியேறினால் அவுட்தான்.