நினைவட்டையைப் படியெடுத்தல்

ஓலையில் எழுதப்பெற்ற நூல் செல்லரித்துப் போகுமுன், அதனை வேறோர் ஏட்டில் பெயர்த்தெழுதிக் காப்பது பண்டையோர் வழக்கம். பழைய ஏடு சிதைந்தாலும் புதிய ஏட்டில் நூல் வாழும். இக்காலத்தில் ஓலையின் இடத்தைப் பற்பல கருவிகள் பெற்றுள்ளன. விரல் நகத்தின் அளவே உள்ள நினைவட்டை அவற்றுள் ஒன்று. கருவி மாறினும், அதன்கண் உள்ளதைப் பிழையின்றிப் பெயர்க்கும் கடமை மாறவில்லை.

இங்கிலாந்து நாட்டின் கேம்பிரிட்ஜ் நகரில் எபன் அப்டன் முதலிய அறிஞர் சிலர், இளைஞர் எளிதில் வாங்கிப் பழகத்தக்க சிறு கணினி ஒன்றை ஆக்க எண்ணினர். அவ்வெண்ணத்தின் பயனாக, 2012ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29ஆம் நாள் ‘ராஸ்பெர்ரி பை’ என்னும் கணினி வெளிவந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 85 மில்லிமீட்டர். அகலம் 56 மில்லிமீட்டர். பெரிய கணினிகளில் உள்ளது போன்ற வன்தட்டு அதனுள் இல்லை. கணினியை இயக்கும் இயங்குதளமும், அதனைப் பயன்படுத்துவோர் சேர்த்து வைக்கும் குறிப்புகளும் பெரும்பாலும் ஒரு நினைவட்டையிலேயே தங்குகின்றன. அட்டையை எடுத்துவிட்டால், உயிர் நீங்கிய உடல்போலக் கணினி வாளா கிடக்கும்.

ஒரு பள்ளியில் நாள்தோறும் மழையளவையும் வெப்பத்தையும் குறித்து வைக்க இத்தகைய கணினி ஒன்று அமைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதன் அட்டை 16 ஜிகாபைட் கொள்ளளவு உடையது. ஆண்டுகள் சில கழிந்தபின் அட்டை நிறைந்துவிடும்; புதிய குறிப்புக்கு இடம் இராது. அன்றியும், நினைவட்டையின் நுண்ணறைகள் ஓரளவு முறைதான் அழித்து எழுதுதலைத் தாங்கும். ஆதலின் பழைய அட்டை ஒருநாள் பழுதுறுதலும் கூடும். சென்ற ஆண்டு பெய்த மழையை மீண்டும் அளக்க எவராலும் இயலாது. எனவே, அட்டை நலமாய் இருக்கும்போதே அதனை 64 ஜிகாபைட் அட்டைக்குப் படியெடுத்தல் அறிவுடைமையாகும்.

கண்ணுக்குத் தெரியும் கோப்புகளை மட்டும் பெயர்த்தால் போதாதோ எனின், போதாது. அட்டையின் முதற்கண் உள்ள 512 பைட்டில், அட்டை எவ்வாறு பகுக்கப்பட்டுள்ளது என்னும் அட்டவணை இருக்கின்றது. அதன்படி அமைந்த பகுதிகள் பொதுவாக இரண்டு. சிறியதாகிய முதற்பகுதி, கணினியைத் தொடங்குதற்குரிய கோப்புகளைக் கொண்டது. பெரியதாகிய இரண்டாம் பகுதியில் இயங்குதளமும் ஏனைய குறிப்புகளும் உள்ளன. விண்டோஸ் கணினியில் இவ்வட்டையைச் செருகினால் முதற்பகுதியே காட்சியளிக்கும். லினக்ஸ் முறையில் அமைந்த இரண்டாம் பகுதியை அது தானே படித்துக் காட்டாது. கண்டதையே முழுமை என்று கருதிப் படியெடுப்பவன், முகவுரையை எழுதி நூலை விட்டவன் ஆவான்.

ஆகவே, முதல் பைட்டிலிருந்து இறுதி பைட்டு வரை உள்ளவாறே பெயர்த்தல் வேண்டும். முதலில் சிறு கணினியை முறையாக நிறுத்தி, அட்டையை வெளியே எடுத்தல் வேண்டும். கணினி இயங்கும்போதே படியெடுத்தால், எடுக்கும் பொழுதே குறிப்புகள் மாறி, படி முன்னுக்குப்பின் முரணாகும். பின்னர் லினக்ஸ் உள்ள வேறொரு கணினியில் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் இணைத்து, ‘டி.டி.’ என்னும் கட்டளையால் பெயர்க்கலாம். ஓர் அட்டையை மட்டுமே செருக இயலுமாயின், பழைய அட்டையின் முழுப்படிவத்தை முதலில் அக்கணினியின் வன்தட்டில் ஒரு கோப்பாகச் சேமித்து, பின் அதனைப் புதிய அட்டையில் எழுதலாம். நொடிக்கு 20 மெகாபைட் வீதம் சென்றால், 16 ஜிகாபைட்டைப் பெயர்க்க 800 நொடி, அஃதாவது 13 நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகும்.

இவ்விடத்தில் பெரிதும் விழிப்பு வேண்டும். எது மூலம், எது படி என்பதை அக்கட்டளை தானே அறியாது, ‘உறுதிதானா?’ என்று வினவவும் செய்யாது. இரண்டும் இடம் மாறிவிட்டால், வெற்று அட்டையின் வெறுமை பழைய அட்டையின்மேல் எழுதப்பட்டு, ஆண்டுக்கணக்கான குறிப்புகள் அழியும். அதனால், 16, 64 என்னும் கொள்ளளவைக் கொண்டு அட்டைகளை வேறுபிரித்து அறிந்த பின்னரே கட்டளையிடல் வேண்டும்.

ஏடு பெயர்த்தெழுதியபின் ஒருவர் படிக்க மற்றொருவர் ஒத்துப் பார்ப்பது போல, இங்கும் ஒப்புநோக்கல் உண்டு. பழைய அட்டையின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் இரண்டு அட்டைகளையும் பைட்டு பைட்டாகக் கணினியே ஒப்பிடும். புதிய அட்டையைச் சிறு கணினியில் இட்டு இயக்குமுன் இதனைச் செய்தல் வேண்டும். இயக்கியபின் உள்ளடக்கம் மாறத் தொடங்கிவிடும்.

இத்துணையும் செய்தபின் புதிய அட்டையைச் சிறு கணினியில் இட்டால் ஒரு வியப்புத் தோன்றும். 64 ஜிகாபைட் அட்டை 16 ஜிகாபைட் அட்டை போலவே நிறைந்து காணப்படும்! இது பிழையன்று. படி உண்மையானதாகலின், பழைய அட்டையின் எல்லைக்கோட்டையும் அவ்வாறே கொண்டு வந்துள்ளது. நான்கு காணி நிலம் வாங்கியவன் ஒரு காணிக்கே வேலியிட்டாற்போல, எஞ்சிய இடம் பயன்படாது கிடக்கின்றது. முதலில் வேலியைத் தள்ளி நடுதல் வேண்டும்; அஃதாவது இரண்டாம் பகுதியின் எல்லையை விரித்தல். அடுத்து, சேர்ந்த நிலத்தை உழுது பண்படுத்தல் வேண்டும். அஃதாவது கோப்பு அமைப்பை அவ்வெல்லை வரை பரப்புதல். ராஸ்பெர்ரி பையின் அமைப்புக் கருவியில் இவ்விரண்டையும் செய்து முடிக்கும் ஏற்பாடு உள்ளது.

புதிய அட்டை நன்கு இயங்குவது கண்டவுடன் பழையதை அழித்துவிடலாகாது. அதனைச் சில காலம் தனியே காத்து வைத்தல் நன்று. உள்ளதை முழுமையாகப் பெயர்த்தல், பெயர்த்ததை ஒத்துப் பார்த்தல், அதன் பின்னரே எல்லையை விரித்தல் என்னும் மூன்றும் இப்பணியின் முறை. இம்முறை வழுவாது செய்பவர் கையில், ஒருமுறையே பெய்த மழையின் கணக்கும் பின்வருவோர்க்கு நிலைத்து நிற்கும்.