தரவுத்தளச் செயல்முறையிலிருந்து எக்ஸ்எம்எல் கோரிக்கை அனுப்புதல்

தரவுத்தளச் செயல்முறையிலிருந்து எக்ஸ்எம்எல் கோரிக்கை அனுப்புதல் என்பது, தரவுத்தளத்தினுள் சேமிக்கப்பட்ட நிரல் ஒன்று தரவுகளை எக்ஸ்எம்எல் வடிவில் அமைத்து, எச்டிடிபி நெறிமுறை வழியாக வேறொரு வழங்கிக்கு நேரடியாக அனுப்புவதாகும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் இதற்கு யூடிஎல்_எச்டிடிபி என்னும் நிரல்தொகுப்பு பயன்படுகிறது.

செயல்படும் முறை

செயல்முறை முதலில் வழங்கியின் முகவரிக்கு 'போஸ்ட்' வகைக் கோரிக்கையைத் தொடங்கும். பின்னர் உள்ளடக்க வகை, உள்ளடக்க நீளம் ஆகியவற்றைக் கோரிக்கையின் தலைப்பகுதியில் குறித்து, எக்ஸ்எம்எல் உரையை எழுதும். இறுதியில் வழங்கியின் மறுமொழியைப் படித்து முடிக்கும். 2007இல் வெளியான 11ஜி பதிப்பு முதல், வெளி வழங்கியை அணுகுவதற்கு அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அனுமதி பெற்றிருத்தல் வேண்டும்.

தமிழ் உரையை அனுப்புதல்

உள்ளடக்க நீளம் என்பது எழுத்துகளின் எண்ணிக்கை அன்று. பைட்டுகளின் எண்ணிக்கை ஆகும். ஆங்கில உரையில் இரண்டும் பொதுவாக ஒன்றே என்பதால் பிழை வெளிப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள 'சுசீந்திரம்' என்னும் ஊரின் பெயரில் 6 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் துணைக்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் இது 11 குறியெண்களைக் கொண்டது. ஒவ்வொரு குறியெண்ணும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் பெறும். ஆக மொத்தம் 33 பைட்டுகள்.

யூடிஎஃப்-8 தரவுத்தளத்தில் 'லெங்த்' சார்பு 11 எனவும், 'லெங்த்பி' சார்பு 33 எனவும் விடை தரும். முன்னதைக் கொண்டு நீளத்தைக் குறித்தால் இவ்வொரு சொல்லாலேயே 22 பைட்டுகள் குறைந்து, ஆவணத்தின் இறுதிப்பகுதி துண்டிக்கப்படும். முற்றுப்பெறாத எக்ஸ்எம்எல் ஆவணத்தை வழங்கி ஏற்காது.

உள்ளடக்க வகையுடன் யூடிஎஃப்-8 என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். குறியாக்கம் எங்கும் குறிப்பிடப்படாவிடின் ஐஎஸ்ஓ-8859-1 குறியாக்கமே கொள்ளப்படும். அதில் தமிழ் எழுத்துகள் இல்லாமையால் உரை சிதைந்துவிடும்.