திரும்பி வருவதற்கான பயணம்

நம் பங்குகள் பலவற்றில், வளைகுடா நாடொன்றில் மகனோ மருமகனோ உழைக்காத தெருவைக் காண்பது அரிது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்ததையடுத்து, அந்நாடுகளில் சாலைகளும் துறைமுகங்களும் மாளிகைகளும் எழலாயின. அவற்றை எழுப்ப ஆள்பலம் தேவைப்பட்டது. அன்று முதல் கொத்தனாரும் தச்சரும் ஓட்டுநரும் செவிலியரும் மீனவரும் சென்றவண்ணம் இருக்கின்றனர். ஓட்டு வீடு மாடி வீடானதும், தங்கையின் திருமணம் குறைவின்றி நிறைவேறியதும் இவ்வுழைப்பாலன்றோ!

ஆயினும் புறப்படுமுன் குடும்பம் முழுவதும் உணர வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறுபவர், உரிய ஆண்டுகள் கழிந்தபின் அந்நாட்டுக் குடியுரிமையை நாடலாம். வளைகுடாத் தொழிலாளிக்கு அவ்வழி ஏறத்தாழ அடைபட்டதே. முப்பது ஆண்டுகள் உழைத்தாலும் அவர் அங்கே அயல்நாட்டவரே. அங்குப் பிறக்கும் அவருடைய குழந்தையும் அவ்வாறே. எனவே இது குடியேற்றமன்று. திரும்பி வருவதற்கென்றே மேற்கொள்ளும் பயணம்.

அங்குத் தங்கும் உரிமை வேலையோடு பிணைந்தது. 'கஃபாலா' எனப்படும் முறையில் முதலாளியே தொழிலாளிக்குப் பொறுப்பாளர். வேலை போனால் தங்கும் அனுமதியும் நெடுநாள் நிலைக்காது. கத்தார் 2020லும், சவூதி அரேபியா 2021லும் இம்முறையைத் தளர்த்தின. ஆனால் சவூதியின் அச்சீர்திருத்தத்தில் வீட்டுப் பணியாளர் சேர்க்கப்படவில்லை.

திரும்பும் நாளும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, ஒரு லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் தாயகம் மீட்டுவரப்பட்டனர். அவர்களுள் பலர் சேமிப்பையும் உடைமைகளையும் விட்டு வந்தனர். 2020ல் பெருந்தொற்றுக் காலத்திலும் வேலையிழந்து திரும்பியோர் பலர்.

ஆதலின் செல்வோர் செய்ய வேண்டுவன யாவை? பத்தாம் வகுப்புத் தேறாதவர், நம் அரசு குறித்துள்ள 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். சுற்றுலா விசாவில் அனுப்பி, அங்குச் சென்றபின் மாற்றித் தருவதாக முகவர் கூறினால், அப்பேச்சுக்கு இடங்கொடாதீர். அவ்வாறு செல்பவருக்குச் சட்டத்தின் துணை கிடைப்பது கடினம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம், வரி நீங்கலாக, 30,000 ரூபாய் என்பது விதி. இலட்சங்களை வட்டிக்கு வாங்கிக் கொடுத்துச் செல்பவர், முதலிரண்டு ஆண்டுகளும் கடன்காரருக்காகவே உழைக்கிறார். அனுமதி பெற்றுச் செல்வோருக்கான காப்புறுதித் திட்டத்தில், விபத்து மரணத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு உண்டு. பணி ஒப்பந்தம், கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் படிகளை வீட்டிலும் வைத்திருங்கள்.

வீட்டிலிருப்போர் கடமையும் சிறிதன்று. வரும் பணம் முழுவதையும் விழாவிலும் கட்டடத்திலும் கரைத்துவிட்டால், ஐம்பதாம் வயதில் திரும்பும் தந்தைக்கு எஞ்சுவது நோயுற்ற உடல் மட்டுமே. மாதந்தோறும் ஒரு பகுதியை அவர் திரும்பி வந்து தொழில் தொடங்குவதற்கென ஒதுக்கி, மனைவியும் கணக்கறிந்து காத்தல் நன்று. பிள்ளைகளுக்கும் தந்தையின் உழைப்பை எடுத்துரையுங்கள். அவரைப் பணம் அனுப்புபவராக மட்டும் அவர்கள் அறிதல் ஆகாது.

அங்கு வாழும் நம்மவரின் விசுவாச வாழ்வையும் எண்ணிப் பார்ப்போம். பஹ்ரைனில் அவாலி நகரில் 2021ல் அரேபிய அன்னையின் பேராலயம் நேர்ந்தளிக்கப்பட்டது. சவூதியிலோ ஆலயமே இல்லை. அங்கிருப்போர் தம் அறையிலேயே செபிக்கின்றனர். அவர்களுக்காகச் செபிப்பதோடு, இங்குள்ள அவர்தம் முதிய பெற்றோரைச் சென்று காண்பதும் பங்கு மக்களின் கடனாகும்.

எகிப்தில் அந்நியராய் வாழ்ந்த திருக்குடும்பத்தை, புலம்பெயரும் குடும்பங்கள் அனைத்திற்கும் முன்மாதிரியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952ல் காட்டினார். அத்திருக்குடும்பமும் உரிய காலத்தில் தாயகம் திரும்பிற்று. நம் இல்லங்களிலிருந்து செல்வோரிடம், "எவ்வளவு அனுப்புவாய்?" என்று கேட்குமுன், "எந்த ஆண்டு திரும்புவாய், அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்போமாக.