குடியிருப்பவர்களோடு வீடு வாங்குகிறீர்களா?

வாடகை வருகிற வீடு என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? "மேலே ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம். பத்திரம் பதிஞ்ச மாசமே வாடகை உங்க கைக்கு வந்துடும்" என்று தரகர் சொன்னதும், என் கணவர் அட்வான்ஸ் கொடுக்கவே கிளம்பிவிட்டார். மதுரையில் நாங்கள் பார்த்த அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்றிதழும் சுத்தமாகத்தான் இருந்தது.

"எதுக்கும் குடியிருக்கிறவங்களை ஒரு தரம் பார்த்துட்டு வந்துடறேங்க" என்று நான் போனேன். கீழ் வீட்டு அம்மா வாடகை ரசீதுகளைக் காட்டினார். மாடி வீட்டு அக்காவோ, "எங்களுக்கு ஏதுங்க வாடகை? நாலு லட்சம் கொடுத்து ஒத்திக்கு இருக்கோம். வீட்டை வித்துட்டா எங்க பணத்தை யாரு தருவாங்க?" என்று கண் கலங்கிவிட்டார். மகள் கல்யாணத்துக்காகச் சேர்த்த பணமாம். முத்திரைத்தாளில் எழுதியதோடு சரி, பதிவு செய்யவில்லை. அதனால்தான் வில்லங்கத்தில் வரவில்லை.

தெரிந்த வக்கீலிடம் கேட்டோம். வீடு கைமாறினாலும் குடித்தனம் தொடரும். பழைய வீட்டுக்காரரின் உரிமைகள் வாங்குகிறவருக்கு வரும். குடியிருப்பவர் விரும்பினால் அவருடைய பொறுப்புகளும் நம் தலையில்தான் என்று 1882-ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறதாம். பத்திரத்துக்கு முந்தைய வாடகை பாக்கி மட்டும் தானாக நமக்கு வராது. வீடு விற்றது தெரியாமல் பழையவரிடமே வாடகை கொடுத்துவிட்டால், அதை மறுபடி கேட்கவும் முடியாது.

பிறகு வீட்டுக்காரரை உட்கார வைத்துப் பேசினோம். விலையில் நாலு லட்சத்தைக் கழித்துக்கொண்டு, மாடி வீட்டாருக்கு அதை நாங்களே தருவதாக எழுதினோம். அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். கீழ் வீட்டு அட்வான்ஸையும் அப்படியே கழித்தோம். அந்த அக்கா முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கணுமே!

சகோதரிகளே, இப்படி வீடு வாங்கும் முன் குடியிருப்பவர்களை நேரில் பாருங்கள். வாடகையா ஒத்தியா, அட்வான்ஸ் எவ்வளவு, கரண்ட் பில் பாக்கி உண்டா என்று கேட்டு, அவர்களிடமே எழுதி வாங்குங்கள். பத்திரம் முடிந்ததும், இனி வாடகை யாருக்கு என்று எழுத்தில் தெரியப்படுத்துங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் மறக்காதீர்கள். கணவர் பத்திரத்தைப் பார்க்கட்டும். குடியிருக்கிற பெண்களிடம் நாம் நாலு வார்த்தை பேசினால், பத்திரத்தில் இல்லாததும் தெரிந்துவிடும்.

- ஒரு வாசகி, மதுரை.