கௌரியம்மாவின் பத்து சென்ட்

1957 ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கேரளத்தின் முதல் அமைச்சரவை பதவியேற்றது. பதினொரு பேரில் ஒரே ஒரு பெண். வருவாய்த் துறையை ஏற்ற கே.ஆர். கௌரியம்மாவுக்கு அப்போது வயது 37. ஆறே நாளில், ஏப்ரல் 11 அன்று, ஓர் அவசரச் சட்டம் வந்தது: குத்தகைக்காரரையோ குடிசை போட்டிருப்பவரையோ இனி யாரும் நிலத்தை விட்டு வெளியேற்றக் கூடாது. நிலச் சீர்திருத்த மசோதா அப்போது எழுதப்படவே இல்லை. ஆனால் அப்படியொன்று வருகிறது என்று காதில் விழுந்தாலே ஜென்மிகள் ஆட்களைக் காலி செய்துவிடுவார்கள் என்பது, வழக்கறிஞராக இருந்த அந்த அமைச்சருக்குத் தெரியும்.

ஜென்மி என்றால் நிலத்தின் பிறவி உரிமையாளர். அவருக்குக் கீழே குத்தகைதாரர், அவரிடம் உள்குத்தகை எடுத்தவர் என்று அடுக்கடுக்காகப் போகும். எல்லோருக்கும் அடியில் இருந்தவர் குடிகிடப்புக்காரர். தென்னந்தோப்பின் ஒரு மூலையில் ஓலைக் குடிசை போட்டுக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டு. பதிலுக்குத் தோப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கூப்பிட்ட நேரத்தில் வேலைக்குப் போக வேண்டும். முதலாளியோடு மனக்கசப்பு என்றால் வேலையும் வீடும் ஒரே நாளில் போகும்.

ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலைப் பக்கத்துப் பட்டணக்காட்டில் 1919-இல் பிறந்த கௌரியம்மா இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர். ஈழவ சமூகத்தில் சட்டம் படித்த முதல் பெண். அண்ணன் தொழிற்சங்கக்காரர், அந்த வழியில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தார், சிறைக்கும் போனார். 1952, 1954 தேர்தல்களில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபைக்கு வென்றார். பிறகு அவர் தொகுதி சேர்த்தலை, அதன்பின் பல்லாண்டுக் காலம் அரூர்.

1957 டிசம்பரில் அவர் கொண்டுவந்த நில உறவு மசோதா 1959 ஜூனில் நிறைவேறியது. அடுத்த மாதமே, ஜூலை 31 அன்று, மத்திய அரசு அரசியல் சட்டத்தின் 356-ஆவது பிரிவின்கீழ் ஆட்சியைக் கலைத்தது. ‘விமோசனப் போராட்டம்’ என்ற பெயரில் அந்த ஆட்சிக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்கள் அதன் கல்வி மசோதாவைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். நில மசோதாவின் மீதிருந்த கோபம் அதற்குக் குறைந்ததல்ல என்பது என் எண்ணம். குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பிய மசோதாவைத் திருத்தி அடுத்த அரசு சட்டமாக்கியது. 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காசர்கோடு பகுதியில், உடைமையாளர் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி நிலங்களுக்கு அது செல்லாது என்றது. காங்கிரஸ் ஆட்சியில், 1963-இல், வேறொரு சட்டம் வந்தது, பல்லில்லாத சட்டம்.

1967-இல் மீண்டும் வருவாய் அமைச்சரான கௌரியம்மா அந்தச் சட்டத்தையே எடுத்துத் திருத்தினார். 1969-இல் பேரவையில் நிறைவேறிய திருத்தம், 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் ஆட்சி மாறி அச்சுத மேனன் முதல்வராகிவிட்டார். பெருமை யாருக்கு என்று, 1964-இல் பிரிந்த இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் (சி.பி.ஐ., சி.பி.எம்.) இன்றுவரை சண்டை போடுகின்றன. குத்தகை முறை ஒழிந்தது, குத்தகைக்கு உழுதவர் உரிமையாளரானார். குடிகிடப்புக்காரர் தன் குடிசையைச் சுற்றிப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகராட்சியில் 3 சென்ட் வரை வாங்கிக்கொள்ளலாம். விலை சந்தை மதிப்பில் கால் பங்கு. அதிலும் பாதியை அரசு நிதி ஏற்கும், மீதியைத் தவணையில் கட்டலாம்.

இந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் காசர்கோடு அருகே எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி உச்ச நீதிமன்றம் போனார். 13 நீதிபதிகள் விசாரித்த அந்த வழக்கில் 1973 ஏப்ரல் 24 அன்று 7-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் நாடாளுமன்றம் கைவைக்க முடியாது என்று நாடு முழுக்க இன்று மேற்கோள் காட்டப்படும் கோட்பாடு, கேரளத்து நிலத் தகராறிலிருந்து பிறந்தது.

சட்டத்தில் ஓட்டையும் உண்டு. தேயிலை, ரப்பர், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு உச்சவரம்பு கிடையாது. வயலில் கூலிக்கு இறங்கிய தலித்துகள் குத்தகைதாரர் இல்லை என்பதால் வயல் அவர்களுக்கு வரவில்லை. பெரும்பாலோருக்குக் கிடைத்தது அந்தப் பத்து சென்ட்தான். மலைப்பகுதி ஆதிவாசிகளுக்கு அதுவும் அரிது.

கௌரியம்மாவின் சொந்த வாழ்க்கை அரசியலோடு பின்னிக் கிடந்தது. 1957-இல் சக அமைச்சர் டி.வி. தாமஸை மணந்தார். 1964-இல் கட்சி உடைந்தபோது கணவர் சி.பி.ஐ., மனைவி சி.பி.எம். 1967-இல் இருவரும் ஒரே அமைச்சரவையில் வெவ்வேறு கட்சிகளின் அமைச்சர்கள். மணவாழ்க்கை நிலைக்கவில்லை. 1987 தேர்தலில் கௌரியே ஆளுவார் என்று எதுகையோடு கோஷம் போட்டு ஓட்டுக் கேட்டது கட்சி. வென்றதும் முதல்வரானவர் ஈ.கே. நாயனார். 1994-இல் கௌரியம்மாவைக் கட்சியிலிருந்தே நீக்கினார்கள். ஜனாதிபத்ய சம்ரக்ஷண சமிதி என்ற தனிக்கட்சி தொடங்கி, காங்கிரஸ் அணிக்குப் போனார்.

1996-இல் பேரவையில் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆதிவாசிகளிடமிருந்து கைமாறிய நிலத்தை மீட்டுத் தர 1975-லேயே சட்டம் இருந்தது. எந்த அரசும் அதை நடைமுறைப்படுத்தவில்லை. நடைமுறைப்படுத்தச் சொல்லி நீதிமன்றம் நெருக்கியபோது, சட்டத்தையே நீர்த்துப்போகச் செய்யும் மசோதாவை நாயனார் அரசு கொண்டுவந்தது. குடியேறிய விவசாயிகளின் ஓட்டுக்குப் பயந்து ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் கைகோத்தன. எதிர்த்து நின்ற ஒரே உறுப்பினர் கௌரியம்மா. அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 1999-இல் வந்த வேறொரு சட்டம், நிலம் வாங்கியவர்கள் இரண்டு ஹெக்டேர் வரை வைத்துக்கொள்ள வழிசெய்தது.

2001-இல் ஏ.கே. ஆண்டனி அமைச்சரவையில் வேளாண் அமைச்சரானார். 2003-இல் வயநாட்டு முத்தங்காவில் நிலம் கேட்டுக் காட்டுக்குள் குடியேறிய ஆதிவாசிகள் மீது போலீஸ் சுட்டபோதும் அவர் அமைச்சர்தான், பதவி விலகவில்லை. 2006-இல் அரூரில் அவரைத் தோற்கடித்தது அவருடைய பழைய கட்சி. 2021 மே 11 அன்று 101 வயதில் இறந்தார்.